விசேஷ வீட்டு 'மான்டேஜ்' வீடியோ: ஆர்டர் கொடுக்கும் முன் என்னென்ன கவனிக்கணும்? பாட்டு முதல் பணம் வரை முழு விவரம்

மதுரைப் பக்கம் இப்போது எந்த மண்டபத்துக்குப் போனாலும் மேடை ஓரத்தில் ஒரு எல்இடி திரை நிற்கிறது. கல்யாணமோ, காதணி விழாவோ, பூப்புனித நீராட்டு விழாவோ, 60-ம் கல்யாணமோ, பந்தி நடுவே திடீரென விளக்கை அணைத்துவிட்டு ஒரு 5 நிமிட வீடியோ ஓடும். தொட்டில் போட்டோவில் தொடங்கி, பள்ளிக்கூட யூனிஃபார்ம், அழகர் கோயில் மொட்டை, காலேஜ் டூர், நிச்சயதார்த்தம் என்று வரிசையாக வந்து முடியும். இலையில் இருந்த கை அப்படியே நிற்க, கூட்டம் முழுக்கத் திரையைப் பார்க்கும்.

இதைத்தான் 'மான்டேஜ்' என்கிறார்கள். குடும்பத்தின் சொந்த போட்டோக்கள், செல்போன் வீடியோக்கள், பழைய கேசட் காட்சிகள் எல்லாவற்றையும் ஒரு பாட்டுக்குள் கோர்த்து எடிட் செய்து தருவது. டவுன்ஹால் ரோடு, சிம்மக்கல் ஸ்டூடியோக்களில் இருந்து திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி வரை இந்த வேலையைச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து இன்ஸ்டாகிராமில் ஆர்டர் பிடிக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள்.

பார்க்க 5 நிமிடம்தான். ஆனால் ஆர்டர் கொடுத்தவர்களைக் கேட்டால் தெரியும், இதில் எத்தனை சிக்கல் இருக்கிறது என்று. ஒரே ஒரு பிரிண்ட் மட்டும் இருந்த தாத்தா போட்டோ தொலைந்துபோவது, தாய்மாமன் பெயரில் எழுத்துப்பிழை, யூடியூபில் போட்ட மறுநிமிடம் பாட்டு மட்டும் காணாமல் போவது, முகூர்த்த நாள் காலை வரை வீடியோ வராமல் இருப்பது… பெரும்பாலானவை முன்கூட்டியே தவிர்க்கக்கூடியவை. எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எப்போது ஆர்டர் கொடுக்கணும்?

ஆடியிலும் மார்கழியிலும் பொதுவாக முகூர்த்தம் இருக்காது. அதற்கு அடுத்து வரும் ஆவணியிலும் தையிலும் எல்லா வீட்டு விசேஷமும் ஒன்றாக வந்து குவியும். கேமரா எடுப்பவர், ஆல்பம் போடுபவர், மான்டேஜ் எடிட் செய்பவர் பல ஸ்டூடியோக்களில் ஒரே ஆள்தான். அந்த மாதங்களில் "நாளை மறுநாள் விசேஷம், ஒரு வீடியோ வேணும்ணே" என்று போய் நின்றால் ஏற்கெனவே செய்து வைத்த டெம்பிளேட்டில் உங்கள் படத்தைச் சொருகித் தருவதைத் தவிர அவர்களுக்கும் வேறு வழி இல்லை.

மூன்று, நான்கு வாரம் முன்பே பேசிவிடுவது நல்லது. காரணம் எடிட்டிங் மட்டும் இல்லை. உண்மையில் நேரம் பிடிப்பது போட்டோ சேகரிப்பது. ஒரு படம் சோழவந்தானில் அத்தை வீட்டு பீரோவில் இருக்கும். இன்னொன்று திருப்பூரில் இருக்கும் சித்தப்பா செல்போனில் இருக்கும். துபாயில் இருக்கும் மாப்பிள்ளை "ராத்திரி அனுப்புறேன்" என்று சொல்லி ஒரு வாரம் இழுப்பார். அழைப்பிதழ் அச்சுக்குக் கொடுக்கும் நாளிலேயே போட்டோ சேகரிக்கும் வேலையையும் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டால் கடைசி நேர ஓட்டம் குறையும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

அனுப்பலாம். ஆனால் அனுப்பும் முறையில்தான் விஷயம் இருக்கிறது. சாதாரணமாக கேலரியில் இருந்து தேர்ந்தெடுத்து அனுப்பும் போட்டோவை வாட்ஸ்அப் சுருக்கித்தான் அனுப்புகிறது. செல்போன் திரையில் வித்தியாசம் தெரியாது. அதே படம் 12 அடி திரையில் வரும்போது முகம் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். 2023-ல் வந்த 'ஹெச்டி' வசதி ஓரளவு பரவாயில்லை. என்றாலும் அதுவும் அசல் அல்ல.

சரியான வழி: இணைப்பு குறியைத் தொட்டு, 'டாக்குமென்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து அதன் வழியாக அனுப்புவது. அப்போது ஃபைல் அப்படியே போகும். ஒரு ஃபைல் 2 ஜிபி வரை அனுப்பலாம். படங்கள் நிறைய இருந்தால் கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு லிங்க் கொடுக்கலாம். ஒரு கணக்குக்கு 15 ஜிபி இலவசம். இரண்டும் வேண்டாம் என்றால் பென்டிரைவில் ஏற்றி நேரில் கொடுப்பது எப்போதும் பாதுகாப்பு.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. செல்போனில் எடுத்த படத்துக்குள் எந்த நாளில் எடுத்தது என்ற தகவல் பதிந்திருக்கும். சாதாரண முறையில் வாட்ஸ்அப்பில் போகும்போது அந்தத் தகவல் நீங்கிவிடும். எடிட்டர் கையில் 80 படம் கிடைக்கும், எது முதல் பிறந்தநாள், எது இரண்டாவது பிறந்தநாள் என்று அவருக்குத் தெரியாது. அதனால் ஃபைல் பெயரிலேயே 01, 02, 03 என்று எண் போட்டுக் கொடுத்தால் வரிசை குழம்பாது.

பீரோவில் இருக்கும் பழைய போட்டோ: என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது?

மான்டேஜில் கூட்டத்தை நிறுத்திப் பார்க்க வைப்பது பெரும்பாலும் பழைய கறுப்பு வெள்ளைப் படம்தான். அப்பத்தாவின் கல்யாண போட்டோ, அய்யா பட்டாளத்தில் இருந்தபோது எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம். நெகட்டிவ் எப்போதோ தொலைந்திருக்கும். அந்த ஒரு பிரிண்ட்தான் உலகத்திலேயே மிச்சம்.

அதனால் முதல் விதி: பிரிண்டை ஸ்டூடியோவில் விட்டுவிட்டு வராமல், அங்கேயே இருந்து ஸ்கேன் எடுத்துக் கையோடு திரும்ப வாங்கி வருவது. விட்டுத்தான் வர வேண்டும் என்றால் எத்தனை படம் என்று எழுதி, செல்போனில் அவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது விதி: ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கக் கூடாது. பசைத்தாள் ஆல்பங்களில் வருஷக்கணக்கில் இருந்த படம் பக்கத்தோடு ஒட்டியிருக்கும். சட்டம் போட்டு மாட்டிய படம், ஈரப்பதத்தால் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் முகம் இருக்கும் மேல் அடுக்கு கண்ணாடியோடு போய்விடும். பக்கத்தோடும் கண்ணாடியோடும் சேர்த்தே ஸ்கேன் செய்துவிட்டு மீதியை எடிட்டிங்கில் சரி செய்யலாம்.

ஸ்கேன் எடுக்கும்போது எந்த அளவில் எடுப்பது என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. சாதாரண 4x6 அங்குல பிரிண்டை 300 டிபிஐ-யில் எடுத்தால் 1200x1800 புள்ளிகள் கிடைக்கும். ஃபுல் ஹெச்டி திரையின் உயரம் 1080 புள்ளிதான் என்பதால் இது போதும். ஆனால் 35x45 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் படத்தை அதே 300-ல் எடுத்தால் உயரம் சுமார் 530 புள்ளிதான் வரும். அதை 600 டிபிஐ-யில் எடுத்தால்தான் 1060-ஐ ஒட்டி வரும். "சின்னப் படத்துக்குப் பெரிய நம்பர்" என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஸ்கேனர் இல்லாதவர்கள் செல்போனிலேயே எடுக்கலாம். ஃபிளாஷ் வேண்டாம், நேர் வெயிலும் வேண்டாம். வராண்டா நிழலில் படத்தைத் தரையில் கிடத்தி நேர் மேலிருந்து எடுத்தால் பளபளப்பு வராது. கூகுளின் ஃபோட்டோஸ்கேன் செயலி ஒரே படத்தைப் பல கோணத்தில் எடுத்து வெளிச்சத் திட்டுகளை நீக்கித் தருகிறது.

வி.ஹெச்.எஸ். கேசட்டில் இருக்கும் அப்பா, அம்மா கல்யாணம்?

80-களின் பிற்பகுதி, 90-களில் கல்யாணம் செய்தவர்கள் வீட்டில் 'வீடியோ கேசட்' ஒன்றாவது இருக்கும். அதைப் போட்டுப் பார்க்கத்தான் பெட்டி இல்லை. உலகின் கடைசி விசிஆர் தயாரிப்பாளர் என்று சொல்லப்பட்ட ஜப்பானின் ஃபூனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு தயாரிப்பை நிறுத்திவிட்டது. இப்போது இருக்கும் பழைய பெட்டிகள் பழுதாகப் பழுதாக கேசட்டை டிஜிட்டலாக மாற்றும் வாய்ப்பும் குறைகிறது. ஆகவே விசேஷம் வந்தால்தான் என்று காத்திருக்காமல் மாற்றிவிடுவது நல்லது.

கேசட்டின் சிறு ஜன்னல் வழியாகப் பாருங்கள். டேப் சுருளில் வெள்ளைப் பொடி போலத் தெரிந்தால் அது பூஞ்சை. அப்படியே பெட்டியில் போட்டு ஓட்டினால் டேப் அறுந்துபோகலாம், பெட்டியின் ஹெட்டும் கெட்டு அடுத்தவர் கேசட்டையும் பாழாக்கும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுக்க வேண்டும்.

மாற்றிய பிறகு எடிட்டரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய வீடியோ 4:3 என்ற சதுர வாக்கில் இருக்கும். இன்றைய திரை 16:9 என்ற அகல வாக்கு. 'திரை நிறையட்டும்' என்று இழுத்துவிட்டால் ஒல்லியாக இருந்த மாப்பிள்ளை குண்டாகத் தெரிவார். இருபுறமும் மங்கலான பின்னணி வைத்து நடுவில் அசல் அளவிலேயே காட்டச் சொன்னால் பார்க்க அழகாக இருக்கும்.

90-களுக்குப் பிறகு வந்த சிடி, டிவிடியும் நிரந்தரம் இல்லை. கீறலும் வெயிலும் பட்டால் படிக்காது. ஒரு தடவை எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்கில் ஏற்றி, இன்னொரு நகலை வேறொருவர் வீட்டில் வைப்பது பாதுகாப்பு.

எத்தனை போட்டோ கொடுக்கலாம்?

"இருக்கிறதை எல்லாம் கொடுத்துருவோம், அவரே பார்த்துப் போட்டுக்கட்டும்" என்பதுதான் பலரும் செய்யும் தவறு. ஒரு படம் கண்ணில் பதிய 4 அல்லது 5 வினாடியாவது வேண்டும். 5 நிமிட வீடியோ என்றால் 300 வினாடி. 5 வினாடி வீதம் 60 படம், 4 வினாடி வீதம் 75 படம். இடையில் வீடியோ துண்டுகளும் வந்தால் அதைவிடக் குறைவு. 300 படம் கொடுத்தால் எடிட்டர் தனக்குத் தெரிந்த அளவில் தேர்வு செய்வார். அவருக்கு உங்கள் குடும்பத்தில் யார் யார் என்று தெரியாது.

இங்கேதான் மனஸ்தாபம் தொடங்குகிறது. காதணி விழாவில் பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்த உரிமை உள்ளவர் தாய்மாமன். சீர் தட்டு சுமந்து, செய்முறை செய்து, ஊரைக் கூட்டி வந்தவர். அவர் படம் வீடியோவில் ஒரு இடத்திலும் வரவில்லை என்றால் 'பார்க்காம விட்டுட்டோம்' என்ற சமாதானம் எடுபடாது. மூத்த மருமகளின் வளைகாப்பு வந்து, இளையவளுடையது விடுபட்டாலும் இதே கதைதான்.

இதைத் தவிர்க்க எளிய வழி, படம் தேடுவதற்கு முன்பே பெயர்ப் பட்டியல் போடுவது. யாரெல்லாம் ஒரு தடவையாவது வர வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்களை வைத்து எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே படத்தின் எண்ணைக் குறிக்கலாம். பிரிந்துபோன உறவு, முறிந்த நிச்சயம், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி போன்ற படங்களைப் போடுவதா வேண்டாமா என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடலாம். அந்த முடிவை எடிட்டர் தலையில் கட்டக் கூடாது.

பெயர் தப்பா வந்தா என்ன செய்றது?

தமிழ் எழுத்து உடைவது மான்டேஜ் வீடியோக்களில் அடிக்கடி பார்க்கும் கோளாறு. 'கொ' என்ற எழுத்தில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பிரிந்து, நடுவில் புள்ளி வட்டம் தெரியும். எடிட்டிங் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்வு செய்யாமல் யூனிகோட் தமிழை ஒட்டும்போது இப்படி ஆகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யூனிகோட் எழுத்துருவுக்கு மாற்றினாலும் சம்பந்தமே இல்லாத குறிகள் வரும்.

பெயர்களைப் போனில் வாயால் சொல்லாமல் தட்டச்சு செய்து அனுப்புங்கள். இனிஷியல், பட்டம், ஊர்ப் பெயர் எல்லாம் அழைப்பிதழில் இருப்பது போலவே இருக்கட்டும். அழைப்பிதழின் படத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டால் எடிட்டர் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்.

மண்டபத் திரைக்கு எந்த அளவு?

வாடகைக்கு வரும் எல்இடி திரைகளை 'பி3', 'பி4' என்று சொல்வார்கள். இரண்டு விளக்குப் புள்ளிகளுக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் அந்த எண். 12 அடி அகலம், 8 அடி உயரம் உள்ள பி3 திரையில் அகலவாக்கில் சுமார் 1,200 புள்ளி, உயரவாக்கில் சுமார் 800 புள்ளிதான் இருக்கும். ஆகவே "4கே-யில் செஞ்சு தர்றோம், அதுக்குத் தனி ரேட்" என்று யாராவது சொன்னால், அந்தத் திரைக்கு அது தேவையில்லை. ஃபுல் ஹெச்டி போதும்.

கவனிக்க வேண்டியது வேறு. 12x8 திரை 3:2 வாக்கு. 16:9 வீடியோவை அதில் ஓட்டினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும், அல்லது இழுத்து நிரப்பிவிடுவார்கள். திரை வாடகைக்காரரிடம் அளவைக் கேட்டு எடிட்டரிடம் சொல்லிவிட்டால் இந்தப் பிரச்சினை இல்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் ரீல்ஸுக்கும் 9:16 என்ற நெட்டுவாக்கு வீடியோ வேண்டும் என்றால் அதையும் முதலிலேயே சொல்ல வேண்டும். பிறகு கேட்டால் அது தனி வேலை, தனிக் காசு.

மண்டபத்தில் இணையத்தை நம்பி ஓட்ட வேண்டாம். எம்பி4 ஃபைலாக இரண்டு பென்டிரைவில் ஏற்றி, விசேஷத்துக்கு முந்தின நாளே அந்தத் திரையில் சத்தத்தோடு ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். படம் வந்து பாட்டு வராமல் போவது மைக் செட்காரரின் ஒயர் கோளாறாகக்கூட இருக்கலாம்.

சினிமா பாட்டு போடலாமா?

எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. 2024 மே மாதம், 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தில் 'குணா' பாடலைப் பயன்படுத்தியது தொடர்பாக இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது பெரிய செய்தியானது. "அப்ப எங்க வீட்டு வீடியோவுக்கும் நோட்டீஸ் வருமா?" என்று கேட்பவர்கள் உண்டு.

இதில் இரண்டு சூழலைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மண்டபத்தில் பாட்டு ஒலிப்பது. பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 52(1)(இசட்ஏ) பிரிவு, உண்மையான மதச் சடங்குகளிலும் அரசு விழாக்களிலும் பாடல்களை ஒலிக்கச் செய்வதைப் பதிப்புரிமை மீறலாகக் கருதுவதில்லை. திருமண ஊர்வலமும் திருமணத்தோடு தொடர்புடைய மற்ற சமூக நிகழ்ச்சிகளும் இதில் அடங்கும் என்று அந்தப் பிரிவே விளக்குகிறது. 2023 ஜூலை 24-ல் மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறையும் இதை நினைவுபடுத்தி, கல்யாண நிகழ்ச்சிகளில் ராயல்டி கேட்கும் புகார்கள் குறித்து அறிவிப்பு வெளியிட்டது.

இரண்டாவது, அந்தப் பாட்டோடு எடிட் செய்த வீடியோவை யூடியூபில் ஏற்றுவது. மேலே சொன்ன விலக்கு மண்டபத்தில் நடக்கும் நிகழ்ச்சிக்குத்தான். இணையத்தில் வெளியிடுவதற்கு அதைக் காட்டித் தப்பிக்க முடியாது. யூடியூபின் 'கன்டென்ட் ஐடி' அமைப்பு பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும். உரிமையாளர் விருப்பப்படி விளம்பரம் ஓடலாம், வீடியோ முடக்கப்படலாம். லிங்க் வைத்திருப்பவர் மட்டும் பார்க்கும் 'அன்லிஸ்டட்' முறையில் ஏற்றினாலும் சோதனை உண்டு.

என்ன வழி? மண்டபத்துக்கு ஒரு பதிப்பு, இணையத்துக்கு வேறு இசையோடு இன்னொரு பதிப்பு என்று இரண்டாகக் கேட்டு வாங்கலாம். யூடியூப் ஆடியோ லைப்ரரியில் கட்டணம் இல்லாத இசை கிடைக்கிறது. அப்பத்தாவின் தாலாட்டை செல்போனில் பதிவு செய்து பின்னணியில் வைத்தால், எந்த சினிமா பாட்டும் தர முடியாத ஒன்று அந்த வீடியோவுக்குக் கிடைக்கும்.

எடுத்த வீடியோ யாருக்குச் சொந்தம்?

காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கு. பதிப்புரிமைச் சட்டத்தின் 17(பி) பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், பணம் பெற்றுக்கொண்டு எடுக்கப்பட்ட போட்டோ அல்லது வீடியோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் கேட்டுக்கொண்டவரே முதல் உரிமையாளர்.

'வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்' என்ற வார்த்தைதான் முக்கியம். பில்லின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் 'உரிமை ஸ்டூடியோவுக்கு' என்றோ, 'விளம்பரத்துக்குப் பயன்படுத்துவோம்' என்றோ அச்சிட்டிருக்கலாம். படித்துப் பார்த்து, உடன்பாடு இல்லை என்றால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். "எங்க பக்கத்துல போட்டுக்கலாமா அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போடும் ஸ்டூடியோக்களும் உண்டு. கேட்காதவரிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும். பூப்புனித நீராட்டு விழா போன்றவற்றில் இது ரொம்பவே முக்கியம். அது 18 வயது ஆகாத பிள்ளையின் படம்.

கொடுத்த படங்கள் எடிட்டரின் கம்ப்யூட்டரில் எவ்வளவு நாள் இருக்கும் என்றும் கேளுங்கள். வேலை முடிந்து ஒரு மாதத்தில் அழித்துவிடச் சொல்லலாம். டிரைவ் லிங்கை 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று திறந்து வைத்திருந்தால் விசேஷம் முடிந்ததும் மூடிவிட வேண்டும். படங்களை யாராவது தவறாகப் பயன்படுத்தினால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்கலாம்.

இறந்தவர் வந்து வாழ்த்துவது போல ஏஐ வீடியோ: செய்யலாமா?

இப்போது பலர் கேட்பது இதைத்தான். இறந்துபோன அப்பா மேடைக்கு நடந்து வந்து ஆசீர்வாதம் செய்வது போல, ஒரே ஒரு போட்டோவை வைத்து ஏஐ-யில் செய்து தருகிறார்கள்.

இல்லாதவரை விசேஷத்துக்கு வரவழைக்கும் ஆசை நம் பக்கத்துக்குப் புதிது இல்லை. திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரத்தில் 2022-ல், விபத்தில் இறந்த தாய்மாமனின் உருவத்தை ஆளுயர சிலிக்கான் சிலையாகச் செய்து, அதன் மடியில் பிள்ளைகளை உட்கார வைத்துக் காது குத்தினார்கள். அதே 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் நடந்த கல்யாணத்தின் மெட்டாவெர்ஸ் வரவேற்பில், மணமகளின் மறைந்த தந்தை டிஜிட்டல் உருவமாக வந்தார். 2024 ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் நூல் நிகழ்ச்சியில், 2018-ல் மறைந்த கருணாநிதி ஏஐ வழியாகத் திரையில் தோன்றிப் பேசினார்.

சட்டத்தை விட இங்கே முக்கியம் சம்மதம். இறந்தவரின் மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் இதில் விருப்பமா? 2024-ல் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரலை ஏஐ மூலம் பயன்படுத்திய ஏ.ஆர்.ரஹ்மான், குடும்பத்தினரிடம் அனுமதி பெற்று உரிய ஊதியமும் கொடுத்ததாகத் தெரிவித்தார். அவ்வளவு பெரிய இசையமைப்பாளரே கேட்டுவிட்டுத்தான் செய்தார்.

குறிப்பாக, கணவரை இழந்த அம்மாவுக்கு 'சர்ப்ரைஸ்' கொடுக்கிறேன் என்று 500 பேர் கூடியிருக்கும் மண்டபத்தில் முதல் முறையாக இதைக் காட்டக் கூடாது. சிலருக்கு அது ஆறுதல். சிலருக்கு ஆறிய புண்ணைக் கிளறுவது. முதலில் வீட்டில் தனியாகப் போட்டுக் காட்டி, அவர் 'சரி' என்றால் மட்டும் மேடையில் போடலாம். முகபாவம், சிரிப்பு, கை வைக்கும் விதம் கொஞ்சம் மாறினாலும் கூட வாழ்ந்தவர்களுக்கு 'இது அவர் இல்லை' என்று உடனே தெரிந்துவிடும். சந்தேகமாக இருந்தால் ஏஐ வேண்டாம். அவருடைய உண்மையான போட்டோவை நல்லபடியாகச் சீர்செய்து, பெயரோடு 8 வினாடி அமைதியாகக் காட்டினாலே போதும். அதில் யாருக்கும் வருத்தம் வராது.

ரேட் எப்படி? அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்?

இதற்கு நிலையான ரேட் கிடையாது. வீடியோவின் நீளம், படங்களின் எண்ணிக்கை, ஸ்கேன் வேலை, கிழிந்த படத்தைச் சீர்செய்வது, கேசட் மாற்றுவது, எத்தனை பதிப்பு, எத்தனை நாளில் வேண்டும் என்பதைப் பொறுத்து மாறும். ஜிஎஸ்டி பதிவு உள்ள ஸ்டூடியோ என்றால் 18% வரி சேரும். அது சொன்ன தொகைக்கு உள்ளேயா வெளியேயா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சண்டை அதிகம் வருவது 'கரெக்‌ஷன்' விஷயத்தில்தான். "இந்தப் படத்தை மாத்துங்க", "அந்தப் பாட்டு வேண்டாம்" என்று வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாக போன் செய்தால் எந்த எடிட்டரும் எரிச்சலாவார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் வீடியோவை மறுபடி ஏற்றி இறக்க வேண்டும். இரண்டு முறை திருத்தம் இலவசம், அதற்கு மேல் கட்டணம் என்று முன்பே பேசிக்கொண்டு, வீட்டில் ஒருவர் மட்டும் எல்லாத் திருத்தத்தையும் ஒரே மெசேஜாக அனுப்புவது இருவருக்கும் நல்லது.

பணத்தை மூன்று தவணையாகப் பிரிக்கலாம். ஆர்டருக்கு ஒரு பங்கு, முதல் மாதிரியைக் காட்டியதும் ஒரு பங்கு, இறுதி ஃபைல் கையில் வந்து ஓட்டிப் பார்த்த பிறகு மீதி. இன்ஸ்டாகிராமில் மட்டும் பார்த்த, நேரில் தெரியாத ஒருவர் முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்டால் யோசிக்க வேண்டும். முன்பு செய்த வீடியோவை முழுதாகக் காட்டச் சொல்லுங்கள்.

சொன்னபடி தரவில்லை என்றால்?

காசு வாங்கிக்கொண்டு வேலையைச் சரியாகச் செய்யாதது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி சேவைக் குறைபாடு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம் என்பதால், எடிட்டர் சென்னையில் இருந்தாலும் மதுரைக்காரர் மதுரையில் புகார் கொடுக்க முடியும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை நடந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

ஆனால் கையில் ஆதாரம் இருக்க வேண்டும். பில், பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். வாய்ப்பேச்சில் பேசியதைக்கூட, பேசி முடித்ததும் "அண்ணே, 5 நிமிஷ வீடியோ, 60 போட்டோ, ரெண்டு கரெக்‌ஷன், 20-ம் தேதிக்குள்ள தர்றதா பேசியிருக்கோம், சரிதானே?" என்று ஒரு மெசேஜாகப் போட்டுவிடுங்கள். அவர் 'சரி' என்று பதில் போட்டால் அதுவே ஒப்பந்தத்துக்குச் சாட்சி.

ஒரே பார்வையில்: ஆர்டர் கொடுக்கும் முன் பார்க்க வேண்டிய 8 விஷயம்

1. விசேஷத்துக்கு 3, 4 வாரம் முன்பே ஆர்டர்.

2. யார் யார் வர வேண்டும் என்ற பெயர்ப் பட்டியல் தயார்.

3. 5 நிமிடத்துக்கு 60 முதல் 75 படம், எண் போட்டு, டாக்குமென்டாக அல்லது பென்டிரைவில்.

4. பழைய பிரிண்டை ஸ்கேன் செய்து கையோடு திரும்ப வாங்கியாச்சா?

5. பெயர்களைத் தட்டச்சு செய்து, அழைப்பிதழோடு சேர்த்து அனுப்பியாச்சா?

6. திரையின் அளவை எடிட்டரிடம் சொல்லியாச்சா?

7. பாட்டு, திருத்தம், தேதி, தவணை எல்லாம் மெசேஜில் பதிவாகியிருக்கிறதா?

8. முந்தின நாளே மண்டபத் திரையில் ஓட்டிப் பார்க்க ஆள் யார்?

வீடியோ ஓடி முடிந்ததும் பலர் மறந்துவிடும் ஒரு வேலை பாக்கி இருக்கும். அந்த 5 நிமிடத்துக்காக ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த படங்கள் எல்லாம் முதல் முறையாக ஒரே இடத்தில் இருக்கின்றன. எடிட்டரிடம் அந்த ஸ்கேன் ஃபைல்களையும் கேட்டு வாங்கி, குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். இனி ஒரு வீட்டு பீரோவில் கரையான் வந்தாலும் அப்பத்தாவின் கல்யாண போட்டோ இன்னொரு வீட்டில் பத்திரமாக இருக்கும்.